மலையாள அவசரமும் தமிழ் அவசரமும்

1. வாளிகள்

வாசகசாலையின் முன்னால் எங்கள் அனவுன்ஸ்மென்ட் ஆட்டோ நின்றதும், பின்னாலேயே வாளியும் குடமுமாக ஒரு கூட்டம் ஓடிவந்தது. முதலில் வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தீ எங்க பிள்ளே? வாசகசாலைலயா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார். தீ எங்கும் இல்லை. மைக்கைப் பிடித்தபடி நான்தான் இருந்தேன்.

சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டு, தமிழ்நாடு-கேரள எல்லையில், பாறசாலை பக்கத்துக் கிராமங்களில் மருத்துவ முகாம் நடத்தும் ஓர் அறக்கட்டளையில் களப் பணியாளராக இருக்கிறேன். இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, அவர்களிலும் என்னைப் போல ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்காக, இதை எழுதுகிறேன். எனக்கு அது இருப்பது வளர்ந்த பிறகுதான் தெரியவந்தது. கவனம் ஓரிடத்தில் நிற்காது. யோசனைக்கு முன்பே நாக்கு புறப்பட்டுவிடும். மருத்துவர் மாத்திரை தந்தார். ஆலோசகர் ஒரு பழக்கத்தைத் தந்தார்: தவறு நேர்ந்ததும் என்னை நானே திட்டத் தொடங்காமல், அந்த இடத்தில் எனக்கு உதவியவர் யார் என்று பார்த்து, அவர் செய்தது இன்னதென்று சொல்லி நன்றி கூற வேண்டும்.

அலுவலகத்தில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது.

"லேட்டா வந்துட்டு ஒரு சாரி கூட கிடையாதா?" என்பார் ஆட்டோ ஓட்டும் ஸ்டீபன் அண்ணன்.

"வண்டியை நிழல்ல போட்டுக் காத்து நின்னியளே, அதுக்கு நன்றி அண்ணே."

"உனக்க சாரி எல்லாம் தீந்துபோச்சா மக்கா? இனி பஞ்சர் ஆன டயருக்கும் நன்றி சொல்லுவ போலிருக்கே."

ஒருநாள் உண்மையிலேயே பஞ்சரானது. மற்ற இரண்டு டயர்களுக்கும் நன்றி சொன்னேன். ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், டயர் மாற்றத்தான் தாமதமாயிற்று.

2. ஒரு சொல்

வாளிகள் ஓடிவந்த அன்றைய வேலை, மறுநாள் கண் முகாமுக்கு ஆள் சேர்ப்பது. சாயங்காலத்துக்குள் போதுமான பெயர்கள் பதிவாகாவிட்டால் மருத்துவக் குழு வராது. முந்தைய முகாம் அப்படித்தான் நின்றுபோனது. அதில் ஏமாந்தவர் தையல்காரர் தங்கம் அக்கா. இரண்டு கண்ணிலும் புரை முற்றியவர். "இந்த வாட்டியும் டாக்டர் வரல்லேன்னா மெஷினை மூடி வச்சிருவேன் மக்கா" என்று என்னிடம் சொல்லியிருந்தார். வாசகசாலையில் போட்டிருந்த பதிவு மேசைக்கு எதிரே மத்தியானம் வரை அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார்.

மலையாள அறிவிப்பு ரெக்கார்டில் ஓடும். தமிழ் பேசும் வீடுகள் வரும்போது, அந்த மலையாள வாசகம் எழுதிய தாளைப் பார்த்து நான் தமிழில் சொல்ல வேண்டும். அதன் கடைசி வரி, 'ஈ அவசரம் பாழாக்கருது.' மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம் என்று பொருள். இரண்டு மொழியும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு, நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் சீட்டில் ஏறி நின்றது. ஆட்டை ரசித்துவிட்டுத் தாளுக்குத் திரும்பிய கண்ணில் அந்தக் கடைசி வரி மட்டும் பட்டது. நாக்கு புறப்பட்டது.

"அவசரம்! அவசரம்! பாழாக்காதீங்க! எல்லாரும் உடனே வாசகசாலைக்கு வாங்க!"

கண் என்ற சொல்லையே நான் சொல்லவில்லை.

"எனக்க பொன்னு பிள்ளே," என்று, வாசகசாலை முன்னால் வாளிகளைக் கண்டதும் ஹேண்டில்பாரில் கவிழ்ந்து சிரித்தார் ஸ்டீபன் அண்ணன். "மலையாளத்துல அவசரம்னா சான்ஸாக்கும். தமிழ்ல சொன்னா தீயாக்கும்!"

3. மைக்

கூட்டம் பெருகியது. ஒருவர் பாதிச் சவரத்தில், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்திருந்தார். ஒரு பெண்ணின் கையில் அகப்பை. முகாம் பொறுப்பாளர் லதா மேடம் என் காதருகே வந்து, "எப்படியோ ஆள் வந்தாச்சு. நீ ஒண்ணும் மிண்டாத, வாயைத் தொறக்காத. பேரை எழுது" என்றார்.

உண்மையைச் சொன்னால் கூட்டம் கலையலாம்; தங்கம் அக்காவின் கண் மறுபடியும் தள்ளிப்போகும். சொல்லாவிட்டால்? நெய்யாறு கரை மீறும் நாளிலும் இதே ஆட்டோதான், இதே மைக்தான் வரும். அன்று யாரும் ஓடிவர மாட்டார்கள். ஆட்டோவின் பின்சீட்டில் ஒளிந்துகொள்ளலாம் என்றும் தோன்றியது. மைக்கை எடுத்தேன்.

"தீ இல்ல. நாளைக்குக் கண் முகாம் உண்டு. மலையாளத்து அவசரத்தைத் தமிழ்ல சொல்லிப்போட்டேன், தப்பு எனக்குள்ளதாக்கும். ஆனா யாரு வீடுன்னு கேக்காம வாளியோட ஓடி வந்தியளே, அதுக்கு நன்றி. பாதி முகத்தோட வந்த அண்ணனுக்கு நன்றி. அடுப்பை அணைச்சிட்டு வந்த அக்காவுக்கு நன்றி..."

"ஐயோ, நான் அணைக்கல்லியே!" என்று அகப்பைக்காரி அலறினார். ஸ்டீபன் அண்ணன் அவரை ஏற்றிக்கொண்டு ஆட்டோவைப் பறக்கவிட்டார்.

"அப்ப நான் சுமந்த வெள்ளத்தை என்ன செய்யேது?" என்று தண்ணீரைத் தூக்கிக் காட்டினார் முதல் வாளிக்காரர்.

"இந்தப் பிள்ளைக்க தலையில ஊத்தும்!" என்றது ஒரு குரல். சிரிப்பு வெடித்தது. சிலர் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தார்கள். அப்போது தங்கம் அக்கா எழுந்தார்.

"எலே, வந்தது வந்தாச்சு. உங்க பேரு இருந்தாத்தான் எனக்க கண்ணுக்கு டாக்டர் வருவாரு. உக்காருங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதே அக்கா" என்றார் வாளிக்காரர்.

"நீ போட்டிருக்கது நான் தச்ச சட்டையாக்கும். பையை உள்பக்கம் வச்சுத் தச்சுப்போட்டேன். இது வரைக்கும் நீ பாக்கல்ல. உனக்குத்தான் முதல் டெஸ்ட்!"

அவர் சட்டையைத் தடவிப் பார்த்தார். முதல் பெயர் அவருடையது. திரும்பிப் போனவர்களில் பாதிப் பேர், சிரிப்பு என்னவென்று கேட்க வந்து பதிவு செய்துகொண்டார்கள். அகப்பைக்காரியும் கணவரோடு வந்தார். சோறு அடிபிடித்ததோடு தப்பியதாம். இருட்டுவதற்குள் லதா மேடம் மருத்துவமனைக்குப் போன் செய்து, "வரலாம்" என்றார். எனக்குத் திட்டும் குறைவின்றிக் கிடைத்தது. இப்போது தமிழ் அறிவிப்பையும் முன்கூட்டியே ரெக்கார்டு செய்துவிடுகிறோம். தங்கம் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் அறுவைச் சிகிச்சை முடிந்து, மெஷின் ஓடுகிறது.

புதியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நன்றி மாத்திரைக்கு மாற்று அல்ல. தவறைத் திருத்துவதற்கும் மாற்று அல்ல. ஆனால் ஒருவருக்கு உண்மையாக நன்றி சொல்ல வேண்டுமானால், அவர் எதை விட்டுவிட்டு வந்தார், கையில் எதைக் கொண்டுவந்தார் என்று நின்று பார்த்தே ஆக வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் என் கவனம் அப்படிப் பார்க்கும்போதுதான் தானாக நிற்கிறது.