அக்கா வீட்டில் ஒரு வெளிநாட்டவர்

வேறு நாட்டின் குடியுரிமையை வாங்கிய பிறகு, ஒரு வருடம் தங்கும் எண்ணத்தோடு எங்கள் ஊரான முக்கூடலுக்கு வந்தேன். அதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் முன்னால், வெளிநாட்டவர் ஒருவர் தன் வீட்டில் தங்கியிருப்பதாக வீட்டுக்காரர் ஒரே நாளுக்குள் படிவம் அனுப்ப வேண்டுமாம். வீட்டுக்காரர் என் அக்கா. எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆற்றில் முங்கிவிட்டு வந்து ஈரத்தலையோடு கூடத்தில் படுத்திருந்தேன். கண் செருகியது. தரை இன்னும் தண்ணீரைப்போல அசைந்துகொண்டிருந்தது. அக்கா கைபேசியில் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். அவள் குரல் ஆற்றின் அக்கரையிலிருந்து வந்தது.

“தம்பின்னு போட இதுல கட்டமே இல்லையே. சரி, எதுக்கு வந்திருக்க?”

என் ஈரத்தலையைப் பார்த்துவிட்டு விடையையும் அவளே சொன்னாள்.

“ஆத்துல குளிக்கன்னு போடுதேன்.”

அதைத் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்கு வந்தாள்.

“எப்பம்லே திரும்பிப் போவ?”

அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகராது. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“அதைப் பைய நிரப்பலாம். நீ எந்திச்சுத் தலையைத் துவட்டு.”