சிறப்புப் பட்டத்துக்கு இரண்டு பாடங்கள்

பொருளாதாரத்தில் சிறப்புப் பட்டம் செய்ய வேண்டுமென்றால் முதலாம் வருடத்திலேயே புள்ளிவிபரவியலிலும் ஆங்கிலத்திலும் சித்தியடைய வேண்டும் என்று கெம்பஸில், பல்கலைக்கழகத்தில், சொல்லிவிட்டார்கள். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். கணக்கு சுத்தமாக வராது.

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மா கேட்டார்: "பொருளாதாரம்னு சொல்லிட்டு எதுக்கும்மா இத்தன கணக்கு வைக்கிறாங்க?"

எனக்கும் அதே சந்தேகம்தான்.

சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி மூண்டிருந்த காலம் அது. பாடங்கள் பாதியில் நிற்க, கெம்பஸை மூடிவிட்டார்கள். மாத்தளை நூலகத்துக்குப் போன ஒரு நாள், என்னோடு படித்த சிங்கள மாணவர் ஒருவரைக் கண்டேன். லக்கலப் பக்கம் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்யும் குடும்பம் அவருடையது. கணக்கில் புலி. ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் முகம் வாடிவிடும். அன்றே பேசிக்கொண்டோம்: அவர் கணக்கைச் சொல்லித் தருவார், நான் ஆங்கிலம் வாசித்துக் காட்டுவேன்.

என்னை நங்கி, அதாவது தங்கை, என்றுதான் கூப்பிடுவார்; நான் அவரை அய்யே, அண்ணா, என்பேன். நியம விலகல் என்ற கணக்கு எனக்கு ஏறவே இல்லை என்றபோது சிங்களத்தில் சொன்னார்: "சராசரி பாத்தா எங்க சேனைக்கு ஒரு ராத்திரிக்கு அரை யானை வருது, நங்கி. அரை யானைய யாரு கண்டது? ஒரு நாள் ஒண்ணுமே வராது, மறுநாள் கூட்டமா வந்து நிக்கும். அந்த வித்தியாசத்த அளக்கத்தான் இந்தக் கணக்கு."

நூலகம் என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன்.

பரீட்சைக்கு மட்டும் கெம்பஸ் திறந்தது. அங்கே போக இருவரும் மாத்தளையில் கண்டி பஸ் ஏறினோம். வழியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருப்பதால் எப்போதும் என்னைத்தான் துருவிக் கேட்பார்கள். அன்று என் அட்டையைச் சும்மா பார்த்துத் திருப்பித் தந்துவிட்டு, கிளர்ச்சிக்காரரோ என்று அவரை இறங்கச் சொன்னார்கள். கண்டக்டர் மணி அடித்தார். நான் எதையும் யோசிக்கவில்லை. இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது.

"இவன் உனக்கு யாரு?" என்று ஒருவன் அதட்டினான்.

"கூடப் படிக்கிறவரு. ரெண்டு பேருக்கும் இன்னைக்குப் பரீட்சை. இவர விட்டுட்டு நான் போக மாட்டேன்." எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி முடித்தேன்.

வயதான சிப்பாய் ஒருவர் எங்கள் பரீட்சை அனுமதி அட்டைகளை மெதுவாக வாசித்தார். நண்பரை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். "போங்க, பரீட்சைக்கு நேரமாச்சு, கெதியா போங்க" என்றார்.

மரக்கறி லொறியொன்றில் ஏறிப் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். மண்டபப் பொறுப்பாளர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். காலையில் கணக்கு, பின்னேரம் ஆங்கிலம்.

எனக்கு இரண்டும் சித்தி. அவருக்கு ஆங்கிலம் போய்விட்டது.

"இன்னொரு தரம் எழுதுங்க அய்யே" என்று கெஞ்சினேன்.

"அந்தப் பேப்பர நெனச்சாலே ரோட்டுல நின்னதுதான் ஞாபகம் வருது, நங்கி. எனக்குப் பொதுப் பட்டம் போதும்."

அதன்பின் நான் வற்புறுத்தவில்லை. அவர் லக்கலயிலேயே கணக்கு ஆசிரியரானார். அவருடைய கல்யாணத்துக்கு அம்மாவும் வந்தார். பாற்சோற்றுத் தட்டோடு எதிரே வந்து நின்ற மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கணும் மகன்" என்று தமிழிலேயே சொன்னார். தமிழ் தெரியாத அவருக்கும் அது விளங்கியது.