கடல் இல்லாத அறை

வெளியூர் போனால் மற்றவர்கள் சேலை எடுப்பார்கள், கோவில் பார்ப்பார்கள். நான் ஸ்பாவுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்சி நடத்துகிறேன். அந்த வேலையாகக் கொச்சி, விசாகப்பட்டினம், கொழும்பு என்று அலைய வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் அரை நாள் எனக்கென்று ஒதுக்கிக்கொள்வேன். கொச்சியில் சூடான மூலிகை மூட்டையால் முதுகில் ஒற்றி எடுப்பார்கள். கொழும்பில் நெற்றியில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கண்டெய்னர், கஸ்டம்ஸ், கப்பல் தாமதம் எல்லாம் அதோடு வழிந்து போய்விடும். எங்கள் வீட்டு ஆண்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் முதுகு வலியோடு இருக்கிறார்கள், நான் இல்லை.

இந்தச் சுகத்தை நான் முதன்முதலாக இன்னொருவருக்குக் கொடுக்க நினைத்தது என் மதினிக்குத்தான். அண்ணனைக் கட்டிக்கொண்டு மணப்பாட்டில் இருக்கிறாள். அண்ணன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். மதினிக்குச் சில மாதங்களாக வலது தோள் இறுகிப்போய்க் கை மார்புக்கு மேலே ஏறவில்லை. டாக்டர் பார்த்தார், பயிற்சி சொல்லிக் கொடுத்தார், மெல்ல மெல்லத்தான் சரியாகும் என்றார். தலை வாரிவிட மகள் இருக்கிறாள், பரண் மேலிருந்து பாத்திரம் எடுக்க அண்ணன் இருக்கிறார். சிலுவை போட யார் இருக்கிறார்கள்? நெற்றியைத் தொடக் கை எட்டவில்லை. இடது கையால் போட அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் பூசைக்குப் போனாலும் கடைசியில், தூணுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்துவிட்டாள். எப்போதும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாருக்கும் முன்னால் பாட்டை எடுக்கிறவள் அவள். தூணுக்குப் பின்னால் அவளைப் பார்த்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்கு அழுகை வந்தால் அடுத்தது கோபம் வரும். கோபம் வந்தால் எதையாவது செய்தாக வேண்டும்.

"மதினி, ஒரு மணி நேரம் எங்கூட வந்து படுங்க. கை தானா மேல ஏறும். ஞாயித்துக்கெழம முதல் பெஞ்சுல இருப்பீங்க" என்றேன்.

"ஏளா, கண்டவ கிட்டயும் ஒடம்பக் காட்டிட்டுக் கெடக்கச் சொல்லுதியா?"

"நான் கெடக்கேன்ல்லா? எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அந்த வாரமே காரை எடுத்துக்கொண்டு மணப்பாடு போய், அவளைத் தூத்துக்குடிக்கு அழைத்து வந்தேன். ஒரு ஓட்டலின் மேல்மாடியில் புதிதாகத் திறந்திருந்த ஸ்பா. அன்று இரண்டு கட்டில் போட்ட அறைதான் காலியாக இருந்தது. அது கணவன் மனைவிக்கான அறையாம். கட்டில் மேல் ரோஜா இதழ் தூவியிருந்தார்கள். மதினி இதழ்களைக் கூட்டி அள்ளி ஓரமாக வைத்துவிட்டு, "மாதாவுக்குப் போடலாம், வீணாக்காதிய" என்றாள்.

எண்ணெய் தேய்க்க வந்தவர்கள் வடகிழக்கிலிருந்து வந்த இரண்டு பெண்கள். தமிழ் கொஞ்சம்தான் வரும். சிரிப்பு நன்றாக வந்தது. தோள் விஷயத்தைச் சொன்னேன். இழுக்க மாட்டோம், சூடு மட்டும் கொடுப்போம் என்றார்கள். விளக்கைக் குறைத்தார்கள். எலுமிச்சைப் புல் வாசனை, சூடான துண்டு, பதமான எண்ணெய். நான் பாதித் தூக்கத்துக்குப் போயிருந்தேன். சுவரில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அலைச் சத்தம் மெல்ல ஆரம்பித்தது.

மதினி துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏளா, கடலு இரையுதே! ஒங்கண்ணன் உள்ள கெடக்காவளே. ஃபோனப் போடு, கரைக்கு வந்தாச்சான்னு கேளு."

"மதினி, அது கடலு இல்ல. பாட்டு மாதிரி போடுதாங்க. மனசு லேசாகுறதுக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"இதக் கேட்டா யாருக்குளா மனசு லேசாவும்?"

ஊர் ஊராக எத்தனையோ அறைகளில் இந்த அலைச் சத்தத்துக்கு நான் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறேன். கடலுக்குப் போன ஆளின் வீட்டில் அது எப்படிக் கேட்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இத்தனைக்கும் நானும் அதே வீட்டில் பிறந்தவள்தான். அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். கரைக்கு வந்து வலையை உதறிக்கொண்டிருந்தார். "அங்கன குளிச்சாச்சா?" என்று சிரித்தார். ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலை அடைத்து, கனத்த திரை போட்ட அறை. மணப்பாட்டில் அப்படி ஓர் இடமே கிடையாது. அடுப்படி, படுக்கை, கோவில், எங்கே இருந்தாலும் காதில் கடல் இருக்கும். ஒரு காதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மதினி சமைப்பாள், தூங்குவாள். அன்று அந்தக் காதுக்கு வேலை இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் குறட்டை விட ஆரம்பித்தாள். நல்ல உரத்த குறட்டை. எண்ணெய் தேய்த்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நேரம் முடிந்தும் அவளை எழுப்ப நான் விடவில்லை. அவள் கண் விழித்தபோது ஒருக்களித்துச் சுருண்டு, வலது உள்ளங்கையில் நெற்றியை வைத்துக் கிடந்தாள்.

வெளியே வந்ததும், "எங்க, கையத் தூக்குங்க" என்றேன்.

தூக்கினாள். மார்பு வரை வந்தது. அதற்கு மேலே வரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு இறக்கிவிட்டாள். எனக்கு முகமே செத்துப்போனது. அவ்வளவு வாய்ச்சவடால் அடித்திருந்தேன். எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். அவளை மணப்பாட்டில் விடக் காரைக் கிளப்பினேன். திருச்செந்தூரைத் தாண்டினோம்.

ஆலந்தலை வந்தது. ரோட்டிலிருந்து சிலுவை வைத்த கோவில் கோபுரம் தெரிந்தது. எந்தக் கோவிலைத் தாண்டினாலும் சிலுவை போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் மதினியின் வலது கை மெல்ல எழுந்தது. மார்பு வரை வந்து நின்றது. அவள் தலையைக் குனிந்தாள். குனிந்து, குனிந்து, நெற்றியைக் கொண்டுவந்து விரலில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து மார்பு, இடது தோள், வலது தோள்.

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"தூங்கி முழிச்சப்போ தல கைமேல கெடந்துச்சுளா. வலியே இல்ல. அப்பவே நெனச்சேன், கை ஏறலன்னா தலைய எறக்க வேண்டியதானன்னு."

"அப்போ ஞாயித்துக்கெழம?"

"முதல் பெஞ்சுதான். சீக்கிரம் வந்து எடம் போடு" என்றாள். கார் மறுபடி கிளம்பியதும் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "அடுத்த மாசமும் அங்கனயே கூட்டிட்டுப் போ. ஆனா அந்தப் பிள்ளைகள்ட்ட சொல்லிரு, நான் வாரதுக்கு முன்னாலயே கடல நிப்பாட்டிரணும்."