நடந்து வந்த சைக்கிள்

கொல்லிமலை அடிவாரத்தில் சைக்கிள் விடுவது அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆடம்பரம். சேந்தமங்கலத்திலிருந்து வடக்கே, மலையை வலப்புறமாக வைத்துக்கொண்டு, ஏறியும் இறங்கியும் போகிற சாலை. எதிரே இரண்டு மாட்டு வண்டிகள் வந்துவிட்டால் அன்றைக்கு நெரிசல் என்று கொள்ளலாம். தாலுகா ஆபீசில் நான் கடைசி நாற்காலிக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சாலையில் எனக்கு மேலதிகாரி யாரும் இல்லை.

மலைமேல் முகாம் என்றால் சைக்கிளைக் கீழேயே விட்டுவிட வேண்டியதுதான். மேலே போக அப்போது மோட்டார் ரோடு கிடையாது. பொதிமாடுகள் ஏறும் பாதையில் நாங்கள் நடந்து ஏறினோம். எங்கள் அதிகாரி டோலியில் ஏறினார், அதாவது நான்கு பேர் அவரை ஏற்றினார்கள். மலைமேல் சோளக்காடு என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அவருக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. விசாரணைகள் ஒத்திவைக்கப்பட்டன. வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு அலுவலக மொழியில் முகாம் நீட்டிப்பு என்று பெயர்.

அந்த நீட்டிப்பில் ஒரு மத்தியானம், தலையில் சைக்கிளை வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் முகாமைக் கடந்து போனான். சும்மாடு கட்டி, அதன்மேல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்திருந்தான். சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. டயரில் ஒரு பொட்டு மண் இல்லை. கூப்பிட்டு விசாரித்தேன். விசாரிப்பது எனக்குத் தொழில்.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். அவன் ஆலத்தூர் நாட்டில் சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறவன். அரியூர் நாட்டில் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியம் தர வேண்டும். பரியம் பெரும்பாலும் எருது. பெண்ணின் தகப்பனார் அடிவாரச் சந்தையில் ஒரு மிளகு வியாபாரி சைக்கிளில் போவதைப் பார்த்துவிட்டு, எருதுக்குப் பதில் சைக்கிள் கேட்டிருக்கிறார். பையனைத் தட்டிக்கழிக்கத்தான் கேட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. பையன் சளைக்கவில்லை. எங்கேயோ ஒரு பழைய சைக்கிளை வாங்கி, மலைமேல் தன் வீட்டுக்குச் சுமந்து கொண்டுவந்து, துடைத்து, பெண் வீட்டுக்கும் அழுக்குப்படாமல் சுமந்தே போய் இறக்கியிருக்கிறான். தவறு அங்கேதான் நடந்தது.

பரியமாக வரும் எருது மாப்பிள்ளை வாசலிலிருந்து பெண் வாசல்வரை தன் காலால் நடந்து வர வேண்டும். வழியில் படுத்துவிட்டாலோ, வண்டியில் ஏற்றி வந்தாலோ அது பரியம் ஆகாது. எருதுக்குப் பதிலாக வருவதும் அப்படியே வர வேண்டும் என்று தகப்பனார் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனி முடிய சில நாட்களே இருந்தன. ஆடியில் கல்யாணப் பேச்சு கிடையாது. ஆனிக்குள் பரியம் வராவிட்டால், ஜோடி எருதோடு காத்திருக்கும் இன்னொரு வீட்டுக்குப் பெண் போய்விடும்.

"ஏனுங்க சாமி, இதுமேல ஏறி உக்காரத் தெரியுமுங்களா?" என்று கேட்டான். மலையில் அந்தக் கலை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது கொஞ்ச நேரத்தில் தெளிவாயிற்று.

மறுநாள் காலை ஆலத்தூர் நாட்டில் அவன் வாசலில் நின்றேன். பெண்ணின் தாய்மாமன் சாட்சியாக வந்திருந்தார். கோவணமும் தலைப்பாகையும், தோளில் ஒரு களைக்கொத்தும். கிளம்புவதற்கு முன் நிபந்தனைகளை வரையறுத்துக்கொள்வது நல்லது என்று நான் சொன்னேன். அவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை; இந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே ரத்தம். சமதரையிலும் இறக்கத்திலும் ஆள் ஏறிப் போக வேண்டும். ஏற்றத்தில் எருதைக் கயிறு பிடித்து நடத்துவதுபோல் கைப்பிடியைப் பிடித்து நடத்தலாம். எந்த இடத்திலும் தூக்கக் கூடாது. ஓடையில் என்ன செய்வது என்று கேட்டேன். "மாடு என்னங்க பண்ணும்? தண்ணிக்குள்ள எறங்கி நடக்கும்" என்றார்.

முதல் இரண்டு ஏற்றங்கள் வரை விஷயம் எளிதாகவே இருந்தது. குதிரையில் வரும் பழைய துரைகளுக்காகப் போட்ட பாதை. பலா மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அடிவாரச் சாலையில் ஏற்றம் என்பதை நான் தொடையால் அறிந்திருந்தேன். இங்கே இறக்கத்தைப் பற்களால் அறிந்தேன். ஒவ்வொரு கல்லும் சீட்டு வழியாகத் தாடைக்கு வந்து சேர்ந்தது. பனி மெதுவாக விலக, கீழே சரிவுச் சரிவாகச் சாமைக் காடுகள் தெரிந்தன. ஆள் அரவம் இல்லை. மட்கார்டு அடிக்கும் சத்தமும், பின்னால் இரண்டு பேர் ஓடிவரும் சத்தமும்தான்.

ஏற்றங்களில் நான் இறங்கி நடக்கும்போது தாய்மாமன் பேச்சுக் கொடுப்பார். "உங்க பெரிய தொரை டோலியில வந்தாருங்களே, அவரு நல்லா இருக்காருங்களா?"

வயிறு சரியில்லை, படுத்திருக்கிறார் என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார்.

சைக்கிள் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் மாப்பிள்ளையின் கை தானாக நீளும், மாமன் செருமுவார், கை பின்னுக்குப் போய்விடும். ஓடையில் தண்ணீர் பெடலுக்கு மேல் வந்தது. உருட்டியே கடந்தோம். அக்கரையில் அவன் குனிந்து இரண்டு சக்கரங்களிலும் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தான். சைக்கிள் அவனுக்கு என்றைக்கும் சொந்தமாகப் போவதில்லை. மாமனார் வீட்டு வாசலில் ஏறியதும் அது கைமாறிவிடும். இருந்தும் அப்படி அமுக்கிப் பார்த்தான்.

அரியூர் நாட்டு வயல்கள் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. பெண் வீடு வயலுக்கு அந்தப் பக்கம். கடைசி இறக்கம் நீளமானது, நேரானது. ஒரு சைக்கிள்காரன் ஆசைப்படும் எல்லாம் அதில் இருந்தன, பிரேக்கைத் தவிர. பாதி இறக்கத்தில் முன்சக்கரத்துப் பிரேக்கின் ரப்பர் கழன்று எங்கோ தெறித்தது. பின்பிரேக் ஏற்கெனவே பெயருக்குத்தான் இருந்தது. பாதை முடியும் இடத்தில் ஒரு வரப்பு இருந்தது. அதில் முன்சக்கரம் ஏறியது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் எந்தச் சக்கரமும் எதன் மேலும் இல்லை. உழுது நீர் கட்டியிருந்த வயலில் நானும் சைக்கிளும் சேர்ந்து இறங்கினோம்.

நான் எழுந்தபோது தாய்மாமன் வரப்பில் குனிந்து நின்றார். டயர் தடம் வரப்போடு நின்றுபோயிருந்தது. மறுபடி சேற்றில் ஆரம்பித்தது. நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியை அவர் வெகுநேரம் பார்த்தார். மாப்பிள்ளையும் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லாததால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். சேற்றைச் சேற்றால் துடைத்தேன்.

வாசல்வரை உருட்டிக்கொண்டு போனோம். தகப்பனார் வெளியே வந்தார். ஊர்க்காரர்கள் சிலர் வேலியோரம் நின்றார்கள். மாட்டுக் கொட்டகை வாசலில் ஒரு பெண் மாட்டுக்குப் போடும் சோளத்தட்டைக் கட்டோடு நின்றிருந்தாள். அவள்தான் மணப்பெண் என்று மாப்பிள்ளை அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்ததிலிருந்து தெரிந்தது.

தகப்பனார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு மைத்துனரைக் கேட்டார். "வழியில யாராச்சும் தூக்குனீங்களா?"

"இல்ல மச்சா."

"கால் தரைய விட்டுதா?"

"விட்டுது" என்றார் தாய்மாமன்.

மேல்முறையீட்டுக்கு ஏதாவது வழி உண்டா என்று நான் யோசித்தேன். அப்படி எதுவும் எனக்குத் தெரிந்த சட்டத்தில் இல்லை.

"அந்த வரப்புக்கிட்ட வந்துச்சு. தானாத் துள்ளுச்சு மச்சா. மேல ஒரு ஆள உக்கார வெச்சுக்கிட்டே துள்ளுச்சு. தூக்குனது யாரும் இல்ல. நோஞ்சான் மாடு துள்ளுமா, நீயே சொல்லு."

தகப்பனார் சைக்கிளைச் சுற்றி வந்தார். டயரை அமுக்கினார். மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தார்.

"தீவனம் கேக்காதுல்ல?" என்றார், மாப்பிள்ளையைப் பார்த்து.

"எண்ணெ விட்டாப் போதுமுங்க."

"வெளக்குக்கே இங்க எண்ணெ இல்ல. இதுக்கு வேறயா."

வேலியோரம் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு அது சிரிக்கிற இடமா என்று தெரியவில்லை, அப்படியே நின்றான். தகப்பனார் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பதுபோல் கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, சைக்கிளைக் கொட்டகைப் பக்கம் நடத்தினார். நாலு அடி போவதற்குள் பெடல் அவர் முழங்காலில் அடித்தது. அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பெண் தட்டைக் கட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய், முளையில் கட்டியிருந்த கன்றை அவிழ்த்து ஓரமாக மாற்றிக் கட்டி, இடம் விட்டாள்.