சித்தி பார்த்த மில்லிங் மெஷின்கள்

மாப்பிள்ளை பார்க்க வேண்டிய வயதில் சித்தி மில்லிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவர்கள் போன பிறகு அந்தச் சிரிப்பு இருக்காது.

அப்போது நாங்கள் பெங்களூர் பொம்மனஹள்ளியில் வாடகைக்கு இருந்தோம். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு பிழைக்க வந்த குடும்பம். சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை; எங்களோடுதான் இருந்தாள். டூல் அண்ட் டை டிப்ளமோ படித்துவிட்டு பக்கத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவளை, பெண்பிள்ளை என்று அளவு பார்க்கும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆண்கள் மெஷினில் வெட்டி அனுப்புவதை அளந்து பார்த்துச் சரி, தப்பு என்று சொல்ல வேண்டும். மெஷினைத் தொடக்கூடாது. வெட்டத் தெரிந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அதனால் சொந்தமாக ஒரு சின்ன மில்லிங் மெஷின் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட அறையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மேசைமேல் வைக்கிற அளவுக்குச் சின்னது. ட்ரில்லிங் மெஷின் ஓட்டைதான் போடும், இது இரும்பைத் தோசைக்கல் மாதிரி சமமாகச் சீவும், பள்ளம் எடுக்கும், எழுத்துக்கூட வெட்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தாள். என் பெயரை அலுமினியத் தகட்டில் வெட்டித் தருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தாள். அதிலிருந்து அந்த மெஷின்மேல் அவளைவிட எனக்கு ஆசை அதிகமாகிவிட்டது.

மெஷின் பார்க்க உதவிக்கு வந்தவர் அவளோடு வேலை செய்த ஃபிட்டர். அவரும் தங்கவயல்காரர்தான்; தினமும் ரயிலில் வந்து போகிறவர். ஞாயிற்றுக்கிழமையும் இதற்காகவே ரயிலேறி வருவார். மெஷின் என்றால் இவருக்கு எவ்வளவு உயிர் என்று நான் வியந்துகொள்வேன். நான் அவரை அங்கிள் என்பேன். சித்தி எதுவும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "பாருங்க", "சொல்லுங்க" என்பதோடு சரி.

"நீயும் கூடப் போ," என்று அம்மா என்னை அனுப்புவாள். காவலுக்குத்தான். காவல்காரி மசாலா பூரித் தட்டு கைக்கு வந்ததும் உலகத்தை மறந்துவிடுவாள் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

முதலில் கலாசிபாளையம் பக்கம் ஒரு கடை. மெஷினின் தூண் உருண்டையாக இருந்தது. அங்கிள் அதில் மாட்டியிருந்த வெட்டும் தலையைத் தூக்கி இறக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா, ஒவ்வொரு தடவ தூக்கும்போதும் எடம் மாறிடும். மறுபடியும் முதல்லேர்ந்து செட் பண்ணணும்."

"ஆமாங்க, எனக்கும் அதான் தோணுச்சு."

"மேடம், எல்லாரும் இதுதான் எடுத்துட்டுப் போறாங்க, சும்மா ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்று கடைக்காரர் பின்னாலேயே வந்தார். நாங்கள் அதற்குள் கரும்புச்சாறு வண்டிக்குப் போய்விட்டோம்.

அடுத்தது பீன்யாவில். அதற்குத் தூண் சரியாக இருந்தது. உள்ளே பல்சக்கரம் பிளாஸ்டிக். வேலை நடுவே எதிலாவது சிக்கினால் உடைந்துபோகும் என்றார் அங்கிள். இரும்பில் மாற்றிக்கொள்ளலாமே என்றார் கடைக்காரர். சித்தியே மாற்றக்கூடியவள்தான். ஆனாலும், "வேணாங்க, வேற பாக்கலாம்," என்றாள்.

பிறகு வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர்காரர் வீடு. பொம்மை ரயில் செய்ய வாங்கி, அலுத்துப்போய் விற்கிறார். போகவே பாதி நாள் ஆனது. ரோடெல்லாம் பாலம் கட்டத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் பின்னால் சீட் காலியாக இருந்தாலும் அங்கிள் உட்கார மாட்டார். எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார். அந்த மெஷினில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மேசை சின்னது, எடை போதாது, வெட்டும்போது ஆடும் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். திரும்பும்போது முகத்தில் ஏமாற்றமே இல்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன்.

மழைக்காலம் முடிந்து குளிர் வந்தது. எங்கள் சுற்றல் மட்டும் முடியவில்லை.

ஒருநாள் சமையலறையில் அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்த ஃபிட்டரு தங்கச்சிக்கு எடம் அமைஞ்சிடுச்சாம். பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறாங்களாம். மாப்பிள்ளையோட தங்கச்சிய இவரு கட்டிக்கணும். இல்லன்னா அந்தக் கல்யாணம் நடக்காதாம்."

"அவருக்குச் சம்மதமா?" என்றார் அப்பா.

"தங்கச்சிக்கு வயசு ஏறிட்டுப் போவுதில்ல. அவரு என்ன பண்ணுவாரு?"

பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புதிய மிக்ஸி வாங்கும் விளம்பரம் டிவியில் வந்துகொண்டிருந்த நேரம் அது. அது மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து அறையில் சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே எடுத்து உதறி மறுபடி மடித்தாள்.

அடுத்த ஞாயிறு மல்லேஸ்வரம் போனோம். பழைய வீடு. கணவர் இறந்து வருஷமான ஒரு மாமி அவருடைய மெஷினைக் கொடுத்துவிட நினைத்திருந்தார். கார் நிறுத்தும் இடத்தில், பூப்போட்ட போர்வைக்கு அடியில் இருந்தது. துருப்பிடிக்காமல் மாமியே எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

சித்தி கைப்பிடியை மெதுவாகச் சுற்றினாள். மேசை வெண்ணெயில் போவதுபோல் நகர்ந்தது. அங்கிள் தூணைப் பார்த்தார். கட்டமான தூண், தலை நேராக ஏறி இறங்கியது. மூடியைக் கழற்றினார். பல்சக்கரமே இல்லை, பெல்ட். மோட்டாரை ஓட விட்டுக் காதை வைத்துக் கேட்டார். குனிந்து அடியில் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். சித்தி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்காத்துக்காரர் கொழந்தை மாதிரி வெச்சிண்டிருந்தார்," என்றார் மாமி. "யாராவது இதுல வேலை பண்ணணும், அதான் எனக்கு ஆசை. நீங்க ரெண்டு பேரும் எங்க குடியிருக்கேள்? வெச்சுக்க இடம் இருக்கோன்னோ?" என் தலையைத் தடவி, "பொண்ணு அம்மா ஜாடைதான்," என்றார்.

அங்கிள் மறுபடி குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தார். நான் திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். சித்தி என் கையை அழுத்தினாள்.

"மெஷின் எனக்குத்தாம்மா," என்றாள். "எங்க அக்கா வீட்ல வெச்சுப்பேன். இவரு பாத்துக் குடுக்க வந்தாரு."

அங்கிள் எழுந்து கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "இதுல ஒரு கொறையும் இல்லீங்க," என்றார். "எடுத்துக்கோங்க."

"நல்லா பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"சரி," என்றாள் சித்தி.

எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

சின்ன டெம்போவில் மெஷின் வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிறு அங்கிள் வந்து அதை நிறுத்திக் கொடுத்தார். காலுக்கடியில் தகடு வைத்து மட்டம் பார்த்து, தலையைத் தட்டித் தட்டி நேராக்கி, சாயங்காலம் வரை வேலை. அளவுக் கருவியின் முள் அசையவில்லை, சரியாகிவிட்டது என்று சித்தி சொன்னாள். இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். அம்மா கோழிக்குழம்பு வைத்திருந்தாள். அவர் தட்டுக்கு என்றும் இல்லாத உபசாரம். கிளம்பும்போது, "எண்ண மட்டும் போட மறக்காதீங்க," என்றார். அவர் தெரு திரும்பும் வரை சித்தி வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, நான் கேட்காமலேயே, என் பெயரை வெட்டிக் கொடுத்தாள். கடைசி எழுத்தின் புள்ளி சற்றுத் தள்ளிப்போயிருந்தது. அவள் கையில் அப்படி நேர்ந்து நான் பிறகு பார்த்ததில்லை.

கொஞ்ச காலத்தில் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். சித்தியும் அந்த அளவு மேசையை விட்டு வந்துவிட்டாள். இப்போது அவளுக்குச் சொந்த ஷெட் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் ஆபீஸில் ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சின்ன மில்லிங் மெஷின் தேடிக்கொண்டிருந்தார். சித்தியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போன் செய்தேன். காபி ஆறுவதற்குள், எதை வாங்கலாம், ஏன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு காபி இறங்கவில்லை.

அங்கிள் மெஷினை நிறுத்திக் கொடுத்ததற்கு அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் எழுந்தபோது சித்தி குளித்து, தலை பின்னி, பூ வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க சித்தி போறோம்?" என்றேன்.

"எங்கயும் இல்லடா."

பாவமாக இருந்தது. இத்தனை பெரிய விஷயத்தையா ஒருத்தி மறப்பாள்! பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளுக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னேன்:

"அதான் மெஷின் வாங்கியாச்சே சித்தி. இனிமே நாம எங்கயும் அலைய வேணாம்."