சூடு பண்ணிப் பண்ணி வந்த வறுவல்

லாரி நிறுத்தத்துக்கு எதிரே கடை போட்டிருக்கும் அவளை எல்லோரும் வறுவலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மாட்டுக்கறி வறுவலில் என்ன ரகசியம் என்று கேட்காத ஆள் இல்லை. "ரகசியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அடுப்புல வச்சுட்டு மறந்துட்டேன்" என்பாள். பச்சைப் பொய். ஒரு நொடிகூட அவள் மறக்கவில்லை.

அவள் புருஷன் லாரி டிரைவர். கடை போடுவதற்கு முன்பு ஒருநாள், மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டுக் கறியை வேகவைத்து, விரல் தடிமனுக்கு நறுக்கி, வெங்காயம் மிளகாயோடு வதக்கி இறக்கினாள். ஆள் வரவில்லை. ஆறிய கறி அவனுக்குத் தொண்டையில் இறங்காது. மறுபடி சட்டியை ஏற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். மறுபடி ஆறியது. மறுபடி ஏற்றினாள். ஈரமெல்லாம் வற்றி, கறி கறுத்து, ஓரம் மொறுமொறுவென்று ஆகி, காரம் உள்ளே ஏறிக்கொண்டது. "வரட்டும், இன்னிக்கு இருக்கு அந்த மனுஷனுக்கு" என்று கரண்டியும் கையுமாகத் திட்டிக்கொண்டிருந்தாள், பாவி.

வந்தது அவன் கூட்டாளிகள்: ஒரு மீசைக்கார டிரைவரும் ஓர் இளைய டிரைவரும். வழியில் லாரி கவிழ்ந்து அவன் போய்ச் சேர்ந்திருந்தான். அதைச் சொல்லத்தான் வந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"உள்ள வாங்கண்ணே. வண்டி லேட்டா? அவரு வர்றதுக்குள்ள நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க" என்று தட்டு வைத்துவிட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே! உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"காஞ்சு போச்சாண்ணே?"

"நல்லாருக்கும்மா" என்றார் மீசைக்காரர்.

இளையவனுக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. "அச்சச்சோ, காரமா தம்பி?" என்று ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "அவருக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்கப்பா" என்று சிரித்தாள். மீசைக்காரர் எச்சில் கையோடு தலையில் அடித்துக்கொண்டு அழுதபோதுதான் அவள் சிரிப்பு நின்றது.

அதன் பிறகு வீட்டில் கறி எடுக்கவேயில்லை. ஆனால் பிள்ளை வயிறு கேட்குமா? கடை போட்டாள். கை அதையேதான் செய்தது: வறுப்பது, ஆறவிடுவது, மறுபடி வறுப்பது. அவள் மட்டும் அதை வாயில் வைப்பதில்லை.

இன்றைக்கும் சாப்பிடுகிற யாருக்காவது கண் கலங்கினால் போதும், கூட்டம் முட்டினாலும் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து நிற்பாள்.

"காரந்தானா? இல்ல, எதாச்சும் சொல்ல வந்தியா? சொல்றதா இருந்தா முதல்ல சொல்லிடு."

புது ஆட்கள் தமாஷ் என்று சிரிப்பார்கள். "காரந்தான்க்கா" என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை அவள் தண்ணீர் கொடுப்பதில்லை.