டாக்டர் பிலோமினா கையெழுத்திட்ட அறிக்கை

டாக்டர் பிலோமினா காலமான செய்தியை அவருடைய தம்பி சூசை போனில் சொன்னபோது, நான் ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயில் கார் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். "அக்கா காலையில போயிட்டாங்கண்ணே. தூக்கத்திலேயே," என்றார். டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டுகளாக மென்று விழுங்கி வந்தவன் நான். இனி சொல்ல முடியாது என்பதுதான் முதலில் உறைத்தது.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள் அவர். பதினேழு வயதில்தான் கடலையே பார்த்தாராம். பிறகு முப்பது ஆண்டுகள் கடல்நீரின் நுண்பாசிகளோடு வாழ்ந்தார். கண்ணுக்குத் தெரியாத அவற்றில் சில விஷமுள்ளவை. அவற்றைத் தின்ற கெராங் சிப்பியை நாம் தின்றால் மூச்சு நின்றுவிடும். நான் அவருடைய ஆய்வக உதவியாளன். வாராவாரம் கரையோரத்து நீரெடுத்து, பாசிகளை எண்ணி, சிப்பி பொறுக்கலாமா கூடாதா என்று அறிக்கை கொடுப்போம். எண்ணுவது நான், கையெழுத்து அவர். மைக்ராஸ்கோப் பக்கத்தில் கோப்பி வைத்தால் கோப்பையோடு நம்மையும் வெளியே அனுப்பிவிடுவார். "நம்மள நம்பித்தான் சாப்பிடுறாங்கலா, குமார்," என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்.

எண்ணுவதற்கு முன் நீரில் அயோடின் விட்டு ஒரு நாள் அசையாமல் வைக்க வேண்டும். அப்போதுதான் பாசிகள் அடியில் படியும். ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள், பாரிட் புந்தாரில் இருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில், இரண்டே மணி நேரம் வைத்துவிட்டு எண்ணிவிட்டேன். கொஞ்சம்தான் தெரிந்தது. பயமில்லை என்று எழுதினேன். அவர் கையெழுத்திட்டார். அந்த வாரம் சிப்பி தின்று, தென்னந்தோட்டத்தில் வேலை பார்த்த சேகர் என்பவரின் மனைவி இறந்துபோனார்.

விசாரணையில் டாக்டர், "கையெழுத்துப் போட்டது நான்," என்றதோடு நிறுத்திக்கொண்டார். கிடைக்கவிருந்த பதவி உயர்வும் போயிற்று. என்னிடம் ஒரே முறைதான் கேட்டார்.

"ஒரு நாள் முழுக்க வச்சியா, குமார்?"

"வச்சேன், டாக்டர்."

அறிக்கையின் நகலை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆண்டுதோறும் அந்தப் பெண் இறந்த நாளில் சேகர் வீட்டுக்குப் போய்வருவார். என்னைக் கூப்பிட்டதில்லை. எனக்கோ, எண்ண உட்காரும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் ஒரு பெண் நிற்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கும். இன்றும் அப்படித்தான்.

ஈப்போ தேவாலயத்தில் அடக்கத் திருப்பலி முடிந்ததும், பெட்டியருகே நின்ற சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா மேல இருந்த கோபம் எப்பவோ போயிருச்சுண்ணே. தப்பு நடக்கிறதுதானலா. மன்னிச்சிட்டேன்னு அவங்ககிட்டயே சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அழுதாங்கண்ணே."

என் தப்புக்கு அவர் மன்னிப்பு வாங்கியிருக்கிறார்.

"எண்ணினது நான்தாண்ணே," என்றேன். "ஒரு நாள் வைக்கணும். ரெண்டு மணி நேரம்தான் வச்சேன். அவங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

சேகர் என் கையை விட்டுவிட்டார். பெட்டிப் பக்கம் திரும்பி, டாக்டரை மறுபடி கும்பிட்டார்.

போய் வாருங்கள், டாக்டர். உங்கள் மேலிருந்த பழியை இறக்கிவிட்டேன். என்னை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.